பின்சீட்டில் ஏறியவன்

நாலுவழிச் சாலை என்றால் ஜூடுக்கு ஆகாது. மேம்பாலமும் சுங்கச்சாவடியும் இருக்கிற ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார். லீவு கிடைத்தால் போதும், திருநகரிலிருந்து கிளம்பி, ஊருக்குள் புகுந்து போகிற ஒற்றை ரோடுகளாகப் பார்த்து வண்டியை விடச் சொல்வார். ஏதாவது ஒரு குன்றில் சமணர் படுக்கை இருக்கும். எங்கேயாவது பாழடைந்த சத்திரம், ஆடு கட்டியிருக்கிற கல் மண்டபம், பாதிரியார் ஒருவர் எந்தக் காலத்திலோ கட்டிவிட்டுப் போன ஓட்டுக் கோவில். எதையும் விடமாட்டார். கல்லூரி நூலகத்தில் அவருக்கு வேலை. படித்ததையெல்லாம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு கிறுக்கு. லைசென்ஸ் உண்டு, தைரியம் கிடையாது. அதனால் ஓட்டுவது எப்போதும் அவர் மனைவி ரூத்.

ரூத் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். நாற்பது தாண்டிவிட்டது. நல்ல உயரம், அகன்ற தோள். காலேஜ் நாளில் விளையாட்டுப் போட்டிகளில் குண்டு எறிந்தவள். அவள் ஒரு சத்தம் போட்டால் மைதானத்தின் அடுத்த மூலையில் நிற்கிற பிள்ளை நடுங்கித் திரும்பும். ஆனால் பதினெட்டு வருச வேலையில் ஒரு பிள்ளையின் மேல் கை வைத்ததில்லை. கல்வெட்டில் அவளுக்கு ஈடுபாடு ஒன்றும் இல்லை. வண்டி ஓட்டப் பிடிக்கும். வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே வளைந்து போகிற ரோட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிரே வருகிற டிராக்டருக்கு ஒதுங்கி, ஒதுங்கியதற்கு டிராக்டர்க்காரன் கை தூக்குவதைப் பார்த்துக்கொண்டு போவது அவளுக்குப் பிடிக்கும்.

கிறிஸ்துமஸ் முடிந்து புதுவருசம் பிறப்பதற்கு முன்னால் உள்ள சோம்பலான வாரம் அது. மேலூர்ப் பக்கம் போனார்கள். காலையில் ஒரு குடைவரையைப் பார்த்தார்கள். மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பரோட்டா சாப்பிட்டார்கள். அங்கிருந்து அழகர்கோவிலுக்கு நேர் ரோடு இருக்கிறது. ஜூடு வேறு வழி சொன்னார்.

"சுனைப்பட்டி வழியா விடு ரூத்து. குருந்தங்கண்மாய்க் கரையில நாலுகால் மண்டபம் ஒன்னு நிக்கிதாம். மடை கட்டுனவன் பேரு தூண்ல வெட்டியிருக்காம்."

"அந்த ஆளு பேரு தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

மழை நன்றாகப் பெய்திருந்த வருசம். கண்மாய் கரை முட்ட நிறைந்து கிடந்தது. கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் கதிர் வாங்கிய நெல். கரை மேலேயே ஒரு கார் போகிற அகலத்துக்குத் தார் போட்டிருந்தார்கள். மண்டபம் கரை தொடங்குகிற இடத்தில் இருந்தது. ரூத் வண்டியை நிழலில் நிறுத்தினாள். ஜூடு தூணுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, எழுத்தின் மேல் படிந்திருந்த சுண்ணாம்பை விரலால் சுரண்ட ஆரம்பித்தார். ரூத் காரில் சாய்ந்து நின்று தண்ணீர் குடித்தாள். அவளிடம் இரண்டு லிட்டர் பிடிக்கிற ஸ்டீல் பாட்டில் ஒன்று உண்டு. பள்ளிக்கும் அதைத்தான் கொண்டு போவாள்.

அப்போதுதான் வயலுக்குள் ஒருவன் ஓடிவருவதைப் பார்த்தாள்.

வரப்பில் ஓடவில்லை. நெல்லை மிதித்துக்கொண்டு, விழுந்து, எழுந்து, நேர்கோடாக மண்டபத்தைப் பார்த்து வந்தான். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை. கிட்டே வந்ததும்தான் சட்டையில் பாதிக்கு மேல் சிவப்பு என்று தெரிந்தது. வலது தோள் பிளந்திருந்தது. சதை இரண்டாக விலகி உள்ளே வெள்ளையாக என்னவோ தெரிந்தது. அந்தக் கை கயிறு கட்டித் தொங்கவிட்டது மாதிரி ஆடியது.

"அக்கா, காப்பாத்துங்கக்கா. வெட்ட வாரானுங்கக்கா."

அவனுக்குப் பின்னால் பள்ளத்து மண் பாதையில் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையில் அரிவாள் வெயிலில் மின்னியது.

ரூத் யோசிக்கவில்லை. ஒரு மனுசன் ரத்தம் வடிய ஓடிவருகிறான், இரண்டு பேர் அரிவாளோடு துரத்துகிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பின்கதவைத் திறந்து அவனை உள்ளே தள்ளினாள். "என்னங்க, ஏறுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஜூடு தடுக்கி விழுந்து எழுந்து வந்து ஏறினார். அவள் சாவியைத் திருகுவதற்குள் பைக் கரை மேலே ஏறிவிட்டது. பின்னாலிருந்தவன் குதித்து இறங்கி ஓடிவந்தான். இளம் வயசு. கண்ணெல்லாம் சிவந்து, முகம் முழுக்கத் தண்ணீரும் சளியுமாக இருந்தது. கோபத்தில் வருகிறவன் முகம் மாதிரி அது இல்லை என்று ஒரு நொடி அவளுக்குப் பட்டது. பட்டது, அவ்வளவுதான்.

"எறக்கி விடுங்க! அவன எறக்கி விடுங்க!" என்று கதறிக்கொண்டே அரிவாளின் பின்புறத்தால் ஜூடு பக்கத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். கண்ணாடி நொறுங்கி ஜூடின் முகத்திலும் மடியிலும் கொட்டியது. ஜூடு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினார். அவர் விரல் இடுக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. "முனீசு... முனீசு..." என்று அந்தப் பையன் என்னவோ கத்தினான். சாமி பேரைச் சொல்லிச் சபதம் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள் ரூத். ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

கரை நீளமானது. ஒதுங்க இடமில்லை. கண்ணாடியில் பார்த்தால் பைக் நெருங்கிக்கொண்டே வந்தது. அந்தப் பையன் மறுபடி பின்னால் ஏறியிருந்தான். ஓட்டியவன் காரின் வாலை ஒட்டி வந்தான். பையன் எட்டி வெட்டினான். டிக்கி மேல் தகரம் கிழிகிற சத்தம். அடுத்த வெட்டில் பின்கண்ணாடி முழுவதும் சிலந்திவலை மாதிரி விரிந்து உள்ளே விழுந்தது. பின்சீட்டில் இருந்தவன் தலையை மடியில் புதைத்துக்கொண்டு, "போங்கக்கா, போங்கக்கா" என்று முனகினான்.

அடுத்த வெட்டு உள்ளே இறங்கும் என்று ரூத்துக்குத் தெரிந்தது. பிரேக்கில் ஏறி நின்றாள்.

பைக் காரின் பின்னால் மோதிய சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. ஓட்டியவன் பக்கவாட்டில் பறந்து கண்மாய்க்குள் விழுந்தான். பையன் தூக்கி வீசப்பட்டான். மடையின் கைப்பிடிக் கல்லில் இடுப்பு அடிபட்டு, மடங்கி, தார் மேல் விழுந்தான். கண்ணாடியில் அவள் பார்த்தபோது அவன் மல்லாந்து கிடந்தான். ஒரு கால் எந்தக் காலும் திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. கை மட்டும் தார் ரோட்டைத் தட்டிக்கொண்டே இருந்தது. வாய் திறந்து மூடியது.

அவள் முதல் கியர் போட்டு நகர்ந்தாள்.

"செத்துட்டானா?" என்றார் ஜூடு.

"தெரியல."

"நிப்பாட்டி பாத்துருக்கலாம்ல?"

"அருவா வச்சிருக்கான்ங்க."

கரை முடிந்து ரோடு புளியமரங்களுக்குள் இறங்கியது. ஜூடின் நெற்றியிலும் கன்னத்திலும் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருந்தன. அவ்வளவு அமளியிலும் மனிதர் சீட் பெல்ட்டை மாட்டியிருந்தார். ரூத் மாட்டவில்லை. அவள் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. வியர்வை என்று நினைத்துப் பார்த்தால் ரத்தம். அவனைப் பிடித்து உள்ளே தள்ளியபோது ஒட்டியது.

"தம்பி, உம் பேரு என்னப்பா?" என்று ஜூடு திரும்பாமலேயே கேட்டார். எந்தச் சூழ்நிலையிலும் பேச்சுக் கொடுத்துப் பழகியவர்.

"ஜெயபாண்டி."

"யாருப்பா அவங்க?"

"எம் மச்சானும் அவன் பங்காளியும்."

"என்ன தகராறு?"

அவன் பின்கண்ணாடி இருந்த இடத்தின் வழியாக ரோட்டைத் திரும்பிப் பார்த்தான். ரூத் நடுக்கண்ணாடியைச் சற்றே திருப்பி அவனைப் பார்த்தாள். தோள் வெட்டின் ரத்தம் கையோரமாகத்தான் வழிந்திருந்தது. சட்டையின் முன்பக்கம், நெஞ்சிலிருந்து வயிறு வரை இருந்தது வேறு. அது வழிந்த ரத்தம் இல்லை, தெறித்த ரத்தம். சிறியதும் பெரியதுமாகப் புள்ளிகள். கழுத்திலும் காது மடலிலும்கூட இருந்தன. அவை காய்ந்து கறுத்துப் போயிருந்தன.

ரூத் கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்தாள்.

ஜூடு அதைப் பார்க்கவில்லை. "பயப்படாத தம்பி. நூறுக்கு அடிச்சுச் சொல்லிடுறேன். போலீஸ் வந்துட்டா உனக்கும் பாதுகாப்பு, அங்க விழுந்து கிடக்கிற பையனுக்கும் ஆம்புலன்ஸ் வந்துரும்" என்று போனை எடுத்தார்.

பின்சீட்டில் சரக்கென்று ஒரு சத்தம். ஜெயபாண்டி இடது கையை முதுகுக்குப் பின்னால் விட்டு, சட்டைக்குள்ளிருந்து அரிவாளை உருவினான். முழங்கை நீளம்தான். அதன் வளைந்த மூக்கை ஜூடின் கழுத்தைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து, தன் பக்கமாக இழுத்துப் பிடித்தான். ஜூடின் தலை சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

"போன கீழ போடு."

போன் விழுந்தது.

"அக்கா, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. அழகர்கோவிலுக்குள்ள போகாம நத்தம் ரோட்டுக்கு விடுங்க. என்னைய எறக்கி விட்டுட்டு நீங்க போயிக்கிட்டே இருங்க. உங்களோட எனக்கு ஒரு வம்பும் இல்ல."

"சரிப்பா. அவர விட்ரு. நான் ஓட்டுறேன்."

"ஓட்டுங்க."

ரோடு மோசம். ஒவ்வொரு குழியிலும் அரிவாள் தோலில் உட்கார்ந்தது. ஜூடின் கழுத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்து, அதிலிருந்து ரத்தம் காலருக்குள் இறங்குவதை ரூத் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது. "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தார். பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"வாய மூடு" என்றான் அவன்.

ரூத் குழிகளைத் தவிர்த்துத் தவிர்த்து ஓட்டினாள். எதிரே யாருமில்லை. ஒரு சைக்கிள்காரர் போனார். காரில் கண்ணாடியே இல்லாததைப் பார்த்து நின்று திரும்பிப் பார்த்தார். அதோடு சரி.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. வலது கை அவனுக்குச் செத்துப் போயிருந்தது. மூன்றாவது தடவை அடித்தபோது கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்து மடியில் வைத்து, இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் பேசிய பெண் கத்திக்கொண்டிருந்தாள். காரில் எல்லோருக்கும் கேட்டது.

"அடேய், முனீஸ்வரி செத்துப் போச்சுடா! ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற வழியிலயே போயிருச்சாம்டா! கட்டுன பொண்டாட்டிய இப்புடி துண்டு துண்டா வெட்டிப் போட்டிருக்கியேடா, நீ வெளங்குவியா? எங்கடா இருக்க?"

"சாகட்டும்" என்றான் ஜெயபாண்டி. "சாகட்டும்னுதான வெட்டுனேன். ஆத்தா வீட்டுக்குப் போயி ஒக்காந்துகிட்டு வரமாட்டேம்பா, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

முனீசு என்று அந்தப் பையன் கத்தியது சாமி பேர் இல்லை.

அது விளங்கிய கணத்தில் ரூத்துக்குள் என்னவோ நின்றுபோனது. தார் ரோட்டைத் தட்டிக்கொண்டிருந்த அந்தக் கை கண்ணுக்குள் வந்தது. அவள் நிறுத்திப் பார்க்காமல் விட்டுவந்த அந்தப் பையன், தங்கச்சியோ அக்காவோ வெட்டுப்பட்டுக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தவன்.

முன்னால் ரோடு வளைந்தது. வளைவின் ஓரத்தில், தலைச்சுமை கொண்டு போகிறவர்கள் இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கென்று எப்போதோ நட்ட சுமைதாங்கிக் கல் நின்றது. நட்டுக்க இரண்டு தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். ஜெயபாண்டி இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தான். அரிவாள் மடியில் இருந்தது. ஜூடின் நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் இருந்தது. தனக்கு இல்லை. அதை மாட்டினால் சத்தம் கேட்கும்.

அவள் தன் பக்கத்து முன்விளக்கு கல்லில் படுகிற மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்பி, ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

உலகம் ஒருதரம் குலுங்கி நின்றது. ஸ்டியரிங் அவள் நெஞ்சுக்குள் ஏறியது. விலா எலும்பு உடைவது ஈரச் சுள்ளி ஒடிகிற மாதிரி காதுக்கே கேட்டது. ஜெயபாண்டி இரண்டு சீட்டுக்கும் நடுவே தலைகுப்புறப் பாய்ந்து வந்து டாஷ்போர்டில் முகத்தால் மோதினான். கியர் கம்பி மேல் விழுந்து கிடந்தான். மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இல்லை. அரிவாள் ஜூடின் காலடியில் கிடந்தது.

அவன் சாகவில்லை. மயங்கவும் இல்லை. வாயிலிருந்து ரத்தக் குமிழி விட்டுக்கொண்டே இடது கையை நீட்டி அரிவாளைத் தேடினான். ஜூடு காலால் அதைத் தள்ளினார். உடனே அந்தக் கை ரூத்தின் பக்கம் திரும்பியது. அவள் கொண்டையைப் பிடித்துச் சுருட்டி, தலையைக் கீழே இழுத்து, ஸ்டியரிங்கில் இடித்தான். ஒருமுறை. இன்னொரு முறை. அவள் உதடு கிழிந்து பல்லில் ரத்தம் கரித்தது. கையைத் துழாவினாள். கதவுப் பக்கத்தில் ஸ்டீல் பாட்டில் அகப்பட்டது. பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. கனமாக இருந்தது.

முதல் அடி அவன் காதுக்கு மேலே விழுந்தது. கொண்டை விடுபட்டது. இரண்டாவதைப் பிளந்த தோளில் போட்டாள். அவன் போட்ட கத்தலில் புளியமரத்துக் கொக்குகள் எல்லாம் எழும்பின. அவன் பின்னால் நெளிந்து, கதவைத் திறந்து, வெளியே விழுந்தான். ரோட்டோரப் புல்லில் ஒரு கையை ஊன்றி வாய்க்காலைப் பார்த்துத் தவழ ஆரம்பித்தான்.

அதோடு விட்டிருக்கலாம். அவன் எங்கேயும் போயிருக்க முடியாது.

ரூத் தன் பக்கத்துக் கதவை எத்தித் திறந்து இறங்கினாள். மூச்சு விட்டால் நெஞ்சில் கத்தி ஏறியது. நாலே எட்டில் அவனைப் பிடித்தாள். காலரைப் பிடித்துப் புரட்டி மல்லாக்கப் போட்டாள். பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கி அவன் வாயில் இறக்கினாள். பல் உதிர்ந்தது. இன்னொன்று. அவன் கையால் முகத்தை மறைத்தான். அந்தக் கையிலேயே அடித்தாள், விரல் முறியும் வரை. அவன் "அம்மா" என்றான். அடித்தாள். "அம்மா, அம்மா" என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்தினான். அடித்தாள். பாட்டில் நசுங்கி மூடி பறந்து தண்ணீர் சிதறியது. அவளுக்கு விலா வலிக்கவில்லை. கை வலிக்கவில்லை. உடம்பு முழுக்க லேசாக இருந்தது. கல்லூரி மைதானத்தில் குண்டு கையை விட்டுப் போகிற அந்த ஒரு நொடி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, அது முடியாமல் நீண்டுகொண்டே போனது.

"ரூத்து! போதும்! ரூத்து, செத்துருவான்!"

ஜூடு பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்தார். அவரை உதறித் தள்ளினாள். அவர் விழுந்தார். எழுந்து வந்து மறுபடி கட்டிப்பிடித்தார். அவர் கழுத்து ரத்தம் அவள் பிடரியில் சூடாக இறங்கியபோதுதான் அவள் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். பிந்தி நட்ட வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் சேறு படிந்த கையோடு வரப்பில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை.

பிறகு போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் வயசானவர், தன்மையாகப் பேசினார். கீழே கிடந்த ஜெயபாண்டியைப் பார்த்தார். நசுங்கிக் கிடந்த பாட்டிலைப் பார்த்தார். காரைச் சுற்றிவந்து சுமைதாங்கிக் கல்லைப் பார்த்தார். "பெல்ட் போடாம பின்னால ஒக்காந்திருந்தா இப்புடித்தான் அடிபடும்" என்று சொல்லிவிட்டு அப்படியே எழுதச் சொன்னார்.

ஜெயபாண்டி பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மத்திய சிறைக்குக் கொண்டு போனார்கள். கரையில் விழுந்த பையன் பெயர் சோணைமுத்து. முனீஸ்வரிக்குத் தம்பி. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கியிருந்தன. பைக் ஓட்டிய பங்காளி அழகுபாண்டிக்குப் பெரிய காயம் இல்லை. தண்ணீரிலிருந்து ஏறிவந்து சோணைமுத்துவைத் தூக்கியவனும் அவன்தான். ரூத்துக்கு விலா மூன்று முறிந்திருந்தது. ஜூடுக்குக் கழுத்தில் தையல்.

திருநகரில் ரூத் பெரிய ஆளாகிவிட்டாள். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்து, வந்து சாட்சி சொல்லுங்கள் என்று சபைப் போதகர் ஐயர் கூப்பிட்டார். ஆண்டவர் எப்படிக் காப்பாற்றினார் என்று ஜூடுதான் எழுந்து சொன்னார். கார் மோதியது வரை சொல்லி உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "ஸ்டேட்மெண்ட்ல என்ன இருக்கோ அதுதான் நடந்துச்சு ரூத்து. வேற எதையும் நீ யாருகிட்டயும் பேச வேண்டாம்" என்றார். அவர் அவளைப் பார்த்துப் பேசவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவள் அடுப்படியில் ஏதாவது பாத்திரத்தை டொம்மென்று வைத்தால் அவர் தோள் குலுங்கியது. அதை அவள் கவனித்தாள்.

அந்தப் பையனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னபோது ஜூடு வேண்டாம் என்றார். கேஸ் இருக்கிறது, சாட்சி சொல்ல வேண்டியிருக்கும், போகக் கூடாது என்றார். அவள் ஒரு சனிக்கிழமை சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் தனியாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

சோணைமுத்து காலில் கம்பி போட்டு, எடை கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். அவள் யார் என்று சொன்னதும் முகம் மாறியது.

"தம்பி, எனக்குத் தெரியாதுப்பா. அவன் அடிபட்டு ஓடியாந்தான், நான்..."

"நான் கத்துனேன்ல?" என்றான். "கண்ணாடிக்கு அங்குட்டு நின்னு எம்புட்டுக் கத்துனேன்? எங்க அக்காவ வெட்டிட்டான்னு சொன்னேன்ல? காது கேக்கலயா உங்களுக்கு?"

"கேக்கலப்பா."

"அவன நான் வெட்டியிருப்பேன். ஒரே ஒரு நிமிசம். நீங்க வந்து நடுவுல..." சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "போகச் சொல்லுத்தா இவங்கள."

கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த அவன் அம்மா எழுந்தாள். ஒச்சாயி என்று பெயர். ரூத்தைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். ரூத்தின் முழங்கையைப் பிடித்து வார்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாள். வராந்தாக் கடைசியில், கூட்டம் இல்லாத படிக்கட்டில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று ரூத் காத்திருந்தாள்.

"போலீசுக்காரங்க கார் மோதித்தான் அவனுக்கு அடின்னாங்க" என்றாள் ஒச்சாயி. "ஆனா களையெடுத்த பொம்பளைக வேற மாதிரி சொன்னாளுக. நீங்க அடிச்சீங்களாம்ல?"

ரூத் அவளைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்மா."

"எதால?"

"தண்ணி பாட்டில். ஸ்டீலு."

"எங்கெங்க அடிச்சீங்க?"

"தலையில. அந்த வெட்டுக் காயத்து மேல. பெறகு வாயில."

"வாயிலயா?"

"பல்லு போச்சு. கைய வச்சு மறைச்சான். விரல ஒடிச்சேன்."

ஒச்சாயி தலையை ஆட்டினாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள். "கத்துனானா?"

"அம்மான்னு கத்துனான்."

"எம் மகளும் அப்புடித்தான் கத்துனா. நான் கொல்லையில ஆட்டுக்குக் கொழ ஒடிச்சுக்கிட்டு இருந்தேன். என்னமோ வெளையாட்டுக்குக் கூப்புடுறான்னு நெனச்சுக்கிட்டு, இருடீ வாரேன்னேன். இருடீ வாரேன்னுட்டு இன்னும் ரெண்டு கொப்ப ஒடிச்சேன்."

ரூத் அவள் கையைப் பிடித்தாள். ஒச்சாயி அழவில்லை. கண் காய்ந்து போய் இருந்தது.

"அவன் கத்துனதுக்குப் பெறகு நிப்பாட்டிட்டீங்களா?"

இதைத்தான் ஜூடு பேச வேண்டாம் என்று சொன்னது. இதைத்தான் இரவில் படுத்துக்கொண்டு அவள் மோட்டுவளையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. நிப்பாட்டல. அவன் கத்தக் கத்த அடிச்சேன். எங்க வீட்டுக்காரர் பிடிச்சு இழுக்கலைன்னா கொன்னுருப்பேன். எனக்கு நிப்பாட்டத் தோணவே இல்ல. நல்லா இருந்துச்சும்மா எனக்கு."

சொல்லி முடித்ததும் அவள் முன்னால் குனிந்துகொண்டாள். உடைந்த விலா மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். ஒச்சாயி அவளைத் தன் பக்கம் நகர்த்தி அணைத்து உட்கார வைத்தாள். படியில் ஏறி இறங்கியவர்கள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஒதுங்கிப் போனார்கள்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் ஒச்சாயி. "காரை விட்டு எறங்கிப் போனீங்கள்ல, அதுல இருந்து சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."

ரூத் சொன்னாள். ஓர் அடியையும் விடாமல் சொன்னாள். சொல்லும்போது ஒச்சாயியின் உதடு அவளோடு சேர்ந்து அசைந்தது. முடித்ததும் ஒச்சாயி முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"எம் மவன்கிட்ட இனிமே வராதீங்க. அவனுக்கு உங்களக் கண்டா ஆகாது" என்றாள், எழுந்து சேலையை உதறிக்கொண்டு. "நான் இங்கதான் இருப்பேன். சாயங்காலமா இந்தப் படிக்கு வாங்க. மறுபடியும் சொல்லுங்க."

ரூத் அடுத்த வாரமும் போனாள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போகவில்லை.